எச்சில் இல்ல சித்தப்பா, சளி

*செவ்வாய்*

சித்தப்பா: (போட்டோ) ரிசல்ட் வந்துடுச்சு, ஒரே கோடு தான் பாரு. டிபி இல்லையாம். கால் மணி நேரத்துல சொல்லிட்டாங்க

சித்தி: அப்பாடா, ரெண்டு நாளா எனக்கு தூக்கமே இல்ல

நான்: சித்தப்பா இருங்க, விரல்ல குத்தி ரத்தம் எடுத்து கார்டுல விட்டாங்களா

சித்தப்பா: ஆமாமா. ஒரு சொட்டு

நான்: அப்ப அத கிழிச்சு போடுங்க. இது ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு செய்யற புரதம், அத பாக்குற கார்டு, டிபி இருக்கறவங்களுக்கு இல்லன்னும் காட்டும் இல்லாதவங்களுக்கு இருக்குன்னும் காட்டும், உலக சுகாதார நிறுவனம் 2011லயே இத யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்லியாச்சு, இன்னமும் இத வச்சு காசு பாக்குறாங்கன்னா என்ன சொல்ல

தம்பி: கொரோனாக்கு மட்டும் கார்டுல பாத்தோமே. ரேபிட்னா ரேபிட் தானே

நான்: அதுல தான்டா எல்லாரும் ஏமாறுறாங்க. டிபிக்கு ரேபிட்னா சளிய மெஷின்ல போட்டு கிருமியோட டிஎன்ஏவ தேடுறது, ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் இதெல்லாம். எக்ஸ்பெர்ட்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும், அதோட டிபிக்கு குடுக்குற முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின், அந்த மாத்திரைக்கு கிருமி அடங்குமா அடங்காதான்னும் அதே ரிப்போர்ட்ல வந்துடும். முன்னாடி அத தெரிஞ்சிக்க கல்ச்சர் போட்டு, அதாவது லேப்ல கிருமிய வளத்து பாத்து, வாரக்கணக்குல உக்காந்திருப்போம்

பெரியப்பா: எனக்கு டிபி வந்தப்போ சளிய கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல தான் பாத்தாங்க. முதல் தடவை ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க

நான்: அதுல கண்ணுக்கு தெரியணும்னா ஒரு மில்லி சளில 5,000லேருந்து 10,000 கிருமியாவது இருக்கணும் பெரியப்பா. எக்ஸ்பெர்ட்டுக்கு நூத்துச் சொச்சம் போதும், அல்ட்ரான்னு அடுத்து வந்த கார்ட்ரிட்ஜுக்கு 16 இருந்தாலே பிடிச்சிடும்

சித்தி: இவருக்கு மூணு வாரமா இருமல், ராத்திரி சட்டை நனைஞ்சிடுது, பேன்ட் எல்லாம் லூசு. நாளைக்கே கூட்டிட்டு போறேன் கண்ணு

*புதன்*

சித்தப்பா: டப்பா நிறைய குடுத்துட்டு வந்துட்டேன்

சித்தப்பா: திருப்பி கூப்புடுறாங்க. இது சரிப்படாதாம்

நான்: எச்சில துப்பி குடுத்தீங்களா

சித்தப்பா: 😐

நான்: மெஷின் எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் உள்ள போறது எச்சிலா இருந்தா என்ன பண்ணும். காலைல எழுந்ததும் வெறும் தண்ணில வாய் கொப்பளிங்க, ரெண்டு மூணு தடவை மூச்ச நல்லா இழுத்து விட்டு அடி நெஞ்சுலேருந்து இருமுங்க, கெட்டியா வரும் பாருங்க அது தான் வேணும். ரெண்டு மூணு மில்லி போதும், டப்பா நிறைக்க வேணாம். வெளிய காத்தோட்டமா நின்னு பண்ணுங்க, ரூமுக்குள்ள சித்திய பக்கத்துல வச்சிக்கிட்டு பண்ணாதீங்க

தம்பி: இதுலயும் இல்லன்னு வந்தா?

நான்: அப்பயும் விடக்கூடாது, எக்ஸ்ரே பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாங்க. நெகட்டிவ்னா டிபி கிடையவே கிடையாதுன்னு அர்த்தம் இல்ல

*வியாழன்*

சித்தி: இருக்குன்னு வந்துடுச்சு

சித்தி: கை நடுங்குது

நான்: சித்தி ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து போடுங்க

நான்: பாத்துட்டேன். கிருமி இருக்கு, அளவு மீடியம், ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்ல. கடைசி வரி தான் முக்கியம், நல்ல சேதி அது, வழக்கமான ஆறு மாச மருந்துல சரியாகிடும். ஐசோனியாசிட்னு இன்னொரு டிபி மருந்து இருக்கு, அத பத்தி இந்த ரிப்போர்ட் ஒண்ணும் சொல்லாது, அதுக்கு தனியா அனுப்புறாங்களான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க

அண்ணி: போன வாரம் பூரா பாப்பா அவர் மடியிலயே கிடந்தா. அவளுக்கு சளிய துப்பவே தெரியாதே, எப்டி பாப்பாங்க

நான்: முதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க அண்ணி, அஞ்சு வயசுக்கு கீழ இருக்கறதால தள்ளிப் போடாதீங்க. சந்தேகம் இருந்தா சின்னதுங்களுக்கு மலத்துலயே எக்ஸ்பெர்ட் பாக்கலாம், சளிய முழுங்கிடுதுங்கல்ல, அது அங்க தான் வரும். ஒண்ணும் இல்லன்னா தடுப்பு மருந்து குடுப்பாங்க

பெரியப்பா: நானும் அந்த மெஷின்ல ஒரு தடவ பாத்துடவா? சும்மா ஒரு தைரியத்துக்கு

நான்: இருமல் காய்ச்சல் ஏதாவது இருக்கா?

பெரியப்பா: இல்ல

நான்: அப்ப வேணாம். அதுக்கு செத்த கிருமி உயிருள்ள கிருமி வித்தியாசம் தெரியாது, டிஎன்ஏ கிடைச்சா இருக்குன்னு சொல்லிடும். மருந்து முடிச்சவங்களுக்கு பழைய மிச்சம் மாட்டி வீணா பயப்பட வேண்டி வரும். சித்தப்பாக்கும் ரெண்டு மாசம் கழிச்சு குணமாகுதான்னு பாக்க இதுல போட மாட்டாங்க, உங்க கண்ணாடி டெஸ்ட் தான், இல்ல கல்ச்சர்

பெரியப்பா: அப்ப நம்ம மைக்ராஸ்கோப்புக்கு இன்னும் வேலை இருக்கு

*சனி*

சித்தி: மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஒண்ணுக்கு செக்கச்செவேல்னு போகுதாம், ரத்தம்னு பாத்ரூம்லேருந்தே கத்துறாரு

நான்: ரிஃபாம்பிசின் கலர் அது சித்தி, பயப்பட ஒண்ணும் இல்ல

சித்தப்பா: முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா