சைட்டோகைனுக்கு 'விளிபுரதம்' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முடக்குவாதக் கையேட்டுக்காகச் சைட்டோகைனுக்கு, அதாவது அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் புரதத்துக்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். உயிரணு இயக்கி, ஏவற்புரதம், தூதுப்புரதம் என்று மூன்று வந்தன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள்.

உயிரணு இயக்கி கிரேக்க வேரை அப்படியே பெயர்த்தது. ஆனால் மூலச்சொல்லே ஒரு ஒட்டுவேலைதான். முதலில் நிணவணுக்கள் (லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்கள்) மட்டுமே சுரக்கின்றன என்று நினைத்து லிம்ஃபோகைன் என்றார்கள், பிறகு மற்ற அணுக்களும் சுரப்பது தெரிந்ததால் 1974-ல் ஸ்டான்லி கோஹன் பொதுவாகச் சைட்டோகைன் என்று மாற்றினார். இன்டர்லியூக்கின் என்ற சைட்டோகைன் வகையிலும் இதே சிக்கல்: வெள்ளணுக்களுக்கு இடையே என்று பெயர், ஆனால் முடக்குவாத மூட்டில் இன்டர்லியூக்கின்-6-ஐ அள்ளிக் கொட்டுவதில் உள்பக்கச் சவ்வான உள்ளுறையின் நார் அணுக்களுக்குப் பெரும்பங்கு. எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயரில் வைத்தால் நாளைக்கு மாட்டிக்கொள்வோம். என்ன செய்கிறது என்பதை வைப்போம்.

ஏவற்புரதம் அந்த வகையில் நல்ல சொல்தான். ஆனால் குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் என் மாமியிடம் "உங்க மூட்டுல ஏவல் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். யார் வைத்தது என்றுதான் கேட்பார்!

தூது என்றால் தூது ஆர்.என்.ஏ.வோடு குழம்பும். அதைவிட, தூதுவன் ஊர்விட்டு ஊர் போகிறவன். அது இயக்குநீருக்கு (ஹார்மோனுக்கு) பொருந்தும், ரத்தத்தில் ஏறித் தொலைவுக்குப் போகிறது. சைட்டோகைனின் வேலை பெரும்பாலும் கூப்பிடு தூரத்துக்குள் முடிந்துவிடும். மூட்டுக்குள் பெருவிழுங்கணு (மேக்ரோஃபேஜ்) டி.என்.எஃப் என்ற சைட்டோகைனை விடுகிறது, பக்கத்து நார் அணு அதைக் கேட்டு இன்டர்லியூக்கின்-6 விடுகிறது, ரத்தக்குழாய்ச் சுவர் இளகி மேலும் வெள்ளணுக்கள் உள்ளே வருகின்றன, வந்தவையும் சேர்ந்து கத்துகின்றன. உள்ளுறை தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்கிறது. ராங்க்-எல் என்ற இன்னொன்று எலும்பரிக்கும் அணுக்களை எழுப்பிவிடுகிறது. சத்தம் மிஞ்சும்போது கூப்பிடு தூரத்தைத் தாண்டியும் போகும்: அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கல்லீரல் கூட்டுவது இன்டர்லியூக்கின்-6 கேட்டுத்தான். விடியற்காலையில் இந்த இன்டர்லியூக்கின்-6 உச்சத்தில் இருக்கும், மாமிக்கு வெட்டுக்கத்தியைப் பிடிக்கக் கை மடங்காத நேரமும் அதுதான்.

ஆகவே என் பரிந்துரை விளிபுரதம். எரிபொருள் மாதிரி வினைத்தொகை, நடுவில் 'ப்' போடாதீர்கள். விளி என்றால் கூப்பிடுதல், விளி வேற்றுமை பள்ளியிலேயே படித்ததுதான். மற்ற ஊர்களில் இலக்கணப் புத்தகத்தோடு நின்றுவிட்ட இந்தச் சொல் எங்கள் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்றைக்கும் அடுக்களையில் புழங்குகிறது. "மக்களே, அவன விளி" என்றால் சின்னப்பிள்ளைகூட ஓடும். மலையாள வாடை என்று ஒருவர் மூக்கைச் சுளிப்பார், தெரியும். தொல்காப்பியத்தில் விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது ஐயா.

விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள் உண்டே என்பது அடுத்த கேள்வியாக வரும். உண்மைதான். ஆனால் டி.என்.எஃப்-இன் பெயரே கட்டி அணுக்களைச் சாகடிப்பதைப் பார்த்து வைத்தது, அதனால் இந்த இரட்டைப் பொருள் என்னைப் பெரிதாக உறுத்தவில்லை.

முடக்குவாத மருந்துகளை வைத்தும் உரசிப் பார்த்தேன். அடாலிமுமாப் டி.என்.எஃப்-ஐயே பிடித்துவிடுகிறது, அதாவது விளியை வழியிலேயே மறிக்கிறது. டோசிலிசுமாப் இன்டர்லியூக்கின்-6-ஐ விட்டுவிட்டு அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார்கிறது, காதில் பஞ்சு வைத்த மாதிரி. டோஃபாசிட்டினிப் அணுவுக்கு உள்ளே சேதியைக் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கிறது. காதில் விழுந்தாலும் வீட்டுக்குள் சேதி போகாது. விளியை மறித்தால் காசநோய்க் கிருமியை அடைத்து வைத்திருக்கும் காவலும் தளரும், அதனால்தான் இந்த மருந்துகளுக்கு முன்பு காசநோய்ச் சோதனை. தூது, ஏவல் இரண்டையும் வைத்து இதே பத்தியை எழுதிப் பார்த்தேன், பாதியிலேயே முட்டிக்கொண்டது.

ஏற்பியை மட்டும் கேட்பி என்று மாற்றலாமா என்று ஒரு சபலம். பாடநூலில் ஏற்பி ஊன்றிவிட்டதால் தொடாமல் விடுவதே நல்லது என்று படுகிறது, உங்களுக்கு எப்படியோ. ஞாயிற்றுக்கிழமை மாமிக்கு வரைவை வாசித்துக் காட்டப் போகிறேன், அதற்குள் எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள்.