தன் விமானத்தையே சுட்ட போர்க்கப்பல்: நேரம் போதவில்லையா, ஒருங்கிணைப்பு போதவில்லையா?

நெய்தலான்:
2024 டிசம்பர் 22 அன்று செங்கடலில் நடந்ததைப் பேச்செடுத்தாலே "போர்க்களத்தில் இதெல்லாம் சகஜம்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஹாரி ட்ரூமன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் எஃப்/ஏ-18எஃப் போர் விமானம் ஒன்றை, அதே அணியில் காவலுக்கு வந்த கெட்டிஸ்பர்க் என்ற க்ரூஸர் ரகப் போர்க்கப்பல் ஏவுகணை விட்டு வீழ்த்தியது. விமானிகள் இருவரும் குதித்து உயிர் தப்பினார்கள். இன்னொரு எஃப்/ஏ-18 மீதும் ஏவுகணை பாய்ந்தது. அது இலக்குத் தவறிப் போனதால் பிழைத்தது. சுடப்பட்டது சொந்த நாட்டு விமானம், சொந்தக் கடற்படை, அதிலும் சொந்த அணி. அது எப்போது கிளம்பியது, எப்போது திரும்பும், எந்தப் பக்கமாக இறங்கும் என்பதெல்லாம் அந்த அணிக்குள்ளேயே இருந்த தகவல்.

2025 டிசம்பரில் வெளியான கடற்படை விசாரணை என்ன சொல்கிறது? க்ரூஸரும் அணியும் சேர்ந்து பயிற்சி எடுக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. கப்பலுக்குள் ஒரு முடிவு தவறென்று அழுத்திச் சொல்லித் தடுக்க ஆளில்லை. அணி முழுக்கவே ஒத்திசைவு இல்லை. நேரம் போதாததால் நடந்த விபத்தாக இதைப் பார்க்க முடியவில்லை. மாதக்கணக்கில் செய்யாமல் விட்ட வேலை ஒரே இரவில் வெளியே வந்திருக்கிறது.

கரும்பருந்து:
அறிக்கை எழுதியவர்களுக்கு ஓராண்டு கிடைத்தது நண்பரே. சுட்டவர்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கடல்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே ஒட்டிப் பறந்து வரும் ஏவுகணையை, 20 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரேடார் ஏறத்தாழ 27 கிலோமீட்டரில்தான் முதன்முதலாகப் பார்க்கும். பூமியின் வளைவு அதற்கு முன் காட்டாது. நொடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் கையில் இருப்பது ஒன்றரை நிமிடம். அதற்குள் கண்டுபிடித்து, அடையாளம் பார்த்து, முடிவெடுத்து, ஏவி, அது போய்த் தாக்கவும் வேண்டும்.

2024 ஜனவரியில் கிரேவ்லி என்ற அமெரிக்க டெஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பலை நோக்கி ஏமனின் ஹூத்தி படையினர் விட்ட ஏவுகணை சுமார் ஒரு மைல் தொலைவுவரை நெருங்கிவிட்டது. கடைசித் தற்காப்பான ஃபாலங்ஸ் பீரங்கிதான் அதை வீழ்த்தியது. சுடாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1987 மே 17, ஸ்டார்க் என்ற அமெரிக்க ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல்: ஈராக்கிய விமானம் விட்ட இரண்டு எக்ஸோசெட் ஏவுகணைகள், 37 மாலுமிகள் சாவு. அந்தக் கப்பல் தற்காப்புக்கு ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கெட்டிஸ்பர்க்கும் சில மணி நேரத்துக்கு முன்புதான் ஹூத்திகளின் டிரோன்களையும் ஏவுகணையையும் சமாளித்திருந்தது. அந்த மனநிலையில் தாய்க்கப்பலை நோக்கித் தாழ்ந்து வரும் ஒரு புள்ளி என்னவாகத் தெரியும்? தரையிறங்கும் விமானமும் தாக்க வரும் ஏவுகணையும் திரையில் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் வரும்.

நெய்தலான்:
ஸ்டார்க்கை நீங்கள் எடுத்தது நல்லது. அந்த ஈராக்கிய விமானத்தை அவாக்ஸ் என்ற ரேடார் கண்காணிப்பு விமானம் வெகுநேரம் முன்பே பிடித்துவிட்டது, தகவல் கப்பலுக்கும் போனது. நேரம் இருந்தது. அதை நட்பு விமானம் என்று எடுத்துக்கொண்டார்கள். சுட வேண்டிய இடத்தில் சுடாததும் சுடக்கூடாத இடத்தில் சுட்டதும் ஒரே குறைதான்: வானத்தில் இருப்பது யார் என்ற தெளிவு இல்லாதது.

உங்கள் ஒன்றரை நிமிடக் கணக்கு எதிரி ஏவுகணைக்குச் சரி. திரும்பி வரும் சொந்த விமானத்துக்கு அதை எப்படிப் பொருத்துகிறீர்கள்? அது அடிவானத்திலிருந்து திடீரென்று முளைத்ததில்லை.

வான்மதி:
ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சேர்க்கிறேன், பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐஎஃப்எஃப் என்பது வருவது நம்மவரா என்று அறிய உதவும் கேள்வி-பதில் கருவி. கப்பல் கேட்கும், சரியான பதில் வந்தால் அது நம்மவர். பதில் வராவிட்டால் எதிரி என்று அர்த்தமில்லை. கருவி பழுதாகியிருக்கலாம், அணைத்திருக்கலாம், கேட்ட கப்பலின் கருவியே வேலை செய்யாமல் இருக்கலாம். "பதில் இல்லை" என்றால் "தெரியவில்லை", அவ்வளவே.

1982 ஜூன் 6, ஃபாக்லாந்துப் போர். கார்டிஃப் என்ற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் ரேடாரில் ஒரு பறக்கும் பொருளைப் பார்த்து சீ டார்ட் ஏவுகணையை விட்டது. விழுந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் கசெல் ஹெலிகாப்டர், நான்கு பேர் இறந்தார்கள். தரைப்படை அந்தப் பயணத்தைப் பற்றிக் கடற்படையிடம் சொல்லவில்லை, ஹெலிகாப்டரின் ஐஎஃப்எஃப் அணைந்திருந்தது. எதிரி சுட்டதாகத்தான் முதலில் நினைத்தார்கள்.

கரும்பருந்து:
வான்மதி, அதே தர்க்கத்தை ஹெஸ்ஸன் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அந்த ஜெர்மன் ஃபிரிகேட் செங்கடலில் ஒரு டிரோனைப் பார்க்கிறது. அடையாளப் பதில் இல்லை. அந்தப் பகுதியில் இருந்த நட்பு நாட்டுப் படைகளிடம் கேட்கிறார்கள், யாரும் உரிமை கோரவில்லை. இரண்டு எஸ்எம்-2 விடுகிறார்கள். அது அமெரிக்க எம்க்யூ-9 டிரோன். இரண்டு ஏவுகணையும் கோளாறாகிக் கடலில் விழுந்ததால் டிரோன் பிழைத்தது.

கப்பல்தலைவர் இதில் எதைச் செய்யாமல் விட்டார்? கேட்டார், காத்திருந்தார், அப்புறம்தான் சுட்டார். பறக்கவிட்டவர்கள் வாய் திறக்கவில்லை. எல்லாப் பழியும் கடைசியில் பொத்தானை அழுத்தியவர் தலையில் விழுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இப்படிப் பழி போட்டுக்கொண்டே போனால் அடுத்த கப்பல்தலைவர் தயங்குவார், அந்தத் தயக்கத்துக்கு விலை ஒரு கப்பல்.

நெய்தலான்:
பொத்தானை அழுத்தியவர்மீது பழி போடு என்று நான் எங்கே சொன்னேன்? ஹெஸ்ஸன் என் கட்சிக்குத்தான் சாட்சி. ஒரே கடலில் தனித்தனித் தலைமைகளின் கீழ் கப்பல்களும் டிரோன்களும் உலாவின. எது யாருடையது என்று எல்லோருக்கும் சொல்ல ஓரிடம் இல்லை.

திசைமானி:
இருவரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இயந்திரத்தின் பங்கு?

1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். மிசௌரி போர்க்கப்பலை நோக்கி ஈராக்கிய ஏவுகணை வருகிறது. மிசௌரி ரேடாரை ஏமாற்றும் உலோகத் துணுக்குகளைத் தூவுகிறது. பக்கத்தில் நின்ற ஜாரெட்டின் ஃபாலங்ஸ், தானியங்கி நிலையில் இருந்தது, அந்தத் துணுக்குகளைக் குறிவைத்துச் சுட, குண்டுகள் மிசௌரிமீதே பட்டன. நல்ல வேளை, யாரும் சாகவில்லை. 2003இல் ஈராக்கில் பேட்ரியட் ஏவுகணைகள் முதலில் பிரிட்டிஷ் டொர்னேடோவையும், பத்து நாள் கழித்து அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18ஐயும் வீழ்த்தின. மூன்று விமானிகள் இறந்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 1988 ஜூலை 3. வின்சென்ஸ் க்ரூஸர் ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு 290 பேரைக் கொன்றது. இது சொந்தப் படை மீதான சூடு இல்லைதான், ஆனால் நோய் அதே நோய். அந்த விமானத்துக்குக் கப்பலின் கணினி முதலில் 4474 என்று எண் கொடுத்தது. பக்கத்துக் கப்பல் சைட்ஸ் அதற்கு 4131 என்று வைத்திருந்தது. கணினிகள் பேசிக்கொண்டு 4131 என்றாக்கிவிட்டன. 4474 தொலைவில் கீழிறங்கிக்கொண்டிருந்த வேறொரு விமானத்துக்குப் போய்விட்டது. பயணிகள் விமானம் மேலேறிக்கொண்டிருந்தது. ஆனால் வின்சென்ஸின் கட்டுப்பாட்டு அறைக்குள் "இறங்குகிறது, இறங்குகிறது" என்று குரல். திரை சரியாகத்தான் காட்டியது. பார்த்தவர்கள் மனதில் ஏற்கெனவே ஈரானின் எஃப்-14 போர் விமானம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

கரும்பருந்து:
நீங்களே சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு உலகின் மிக நவீனமான ஏஜிஸ் ரேடார், சரியான தரவு, பக்கத்திலேயே இன்னொரு கப்பல். எல்லாம் இருந்தும் நடந்தது. அப்படியானால் ஒருங்கிணைப்பு கூடினால் தீரும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. 1971 டிசம்பர் 10, குல்னா. வங்கதேச விடுதலைப் போரில் பத்மா, பலாஷ் என்ற இரண்டு படகுகள் இந்தியக் கடற்படையின் பன்வெல் என்ற ரோந்துப் படகுடன் போகின்றன. நம்மவர் என்று தெரிவதற்காக மேல்பாகத்தில் மஞ்சள் வண்ணம் அடித்திருந்தார்கள். இருந்தும் இந்திய விமானப்படையின் நாட் விமானங்கள் தாக்கின. பலாஷில் இருந்த ரூஹுல் அமீன் அன்று உயிர் விட்டார். பின்னர் வங்கதேசம் அவருக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதை அளித்தது. முன்கூட்டியே அடையாளம் வைத்தும் இந்த நிலை.

நெய்தலான்:
வண்ணம் அடிப்பது ஒருங்கிணைப்பு ஆகாது. அது கடைசி நொடியில் விமானியின் கண்ணை நம்புவது. இந்த நேரத்தில் இந்த ஆற்றில் நம் படகுகள் இருக்கின்றன என்பது அந்த விமானி கிளம்பும்போதே கையில் இருக்க வேண்டும்.

வின்சென்ஸுக்கு வருவோம். சைட்ஸின் கப்பல்தலைவர் அந்த விமானத்தை ஆபத்தாகக் கருதவில்லை. சரியான தீர்ப்பு சில மைல் தள்ளி இன்னொரு கப்பலில் உயிரோடு இருந்தது, சுடும் கப்பலுக்குள் வந்து சேரவில்லை. கெட்டிஸ்பர்க்கிலும் இதைத்தான் விசாரணை "அழுத்திச் சொல்ல ஆளில்லை" என்கிறது. என் வாதம் முழுக்க இந்த இடத்தில்தான் நிற்கிறது. கருவி கெடும், நேரம் சுருங்கும், பயம் கண்ணை மறைக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் "நிறுத்துங்கள், அது நம்முடையது" என்று சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அறைக்குள் வேண்டும்.

கரும்பருந்து:
சொல்லலாம். தாக்குதல் நடுவில் அந்த ஆள் சொல்வது தவறாக இருந்தால்? கப்பல் போகும். நடைமுறையில் எங்கே செய்திருக்கிறார்கள், காட்டுங்கள்.

வான்மதி:
செய்திருக்கிறார்கள். 1943 ஜூலை 11 இரவு சிசிலியில் அமெரிக்கப் பாராசூட் படையை ஏற்றி வந்த 144 விமானங்களில் 23ஐ நேச நாட்டுக் கப்பல்களும் தரைப் பீரங்கிகளும் வீழ்த்தின. பகல் முழுக்க ஜெர்மன் விமானங்களிடம் அடி வாங்கியிருந்த பீரங்கிக்காரர்கள், மேலே கேட்ட சத்தத்தை எல்லாம் எதிரி என்றே சுட்டார்கள்.

மறு ஆண்டு நார்மண்டியில் இறங்கும்போது விமானங்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது இன்னொன்று. பிரிட்டனின் ராயல் அப்சர்வர் கோரிலிருந்து 796 தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துக் கப்பல்களில் ஏற்றினார்கள். தரையில் நின்று வானத்தைப் பார்த்தே பழகியவர்கள், பலர் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். ஒரு விமானத்தின் வடிவத்தை வைத்தே இது இன்னது என்று சொல்லக்கூடியவர்கள். பீரங்கிக்காரர்கள் பக்கத்தில் நின்று, வருவது நம்முடையதா இல்லையா என்று சொல்வதுதான் அவர்களுக்குத் தந்த வேலை.