ஐந்து அச்சு மில்லிங்: வலப்பக்கப் போர்ட் இடப்பக்கத்தில் விழுகிறது, போஸ்ட்டில் (டூல் பாதையை இயந்திர நிரலாக மாற்றும் கோப்பு) எதை மாற்றுவது?

சூரமங்கலம் ஷாப்:
அவசரம். ஹைட்ராலிக் மேனிபோல்டு பிளாக் (எண்ணெய் வழிகள் துளைத்த உலோகக் கட்டி) ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கணினியில் சிமுலேஷன் குறையில்லாமல் ஓடுகிறது. இயந்திரத்தில் ஏற்றினால் வலப்பக்கம் வரவேண்டிய அரை அங்குல போர்ட் (எண்ணெய் வழியின் வாய்) இடப்பக்கத்தில் விழுகிறது. நிரலில் சி (டேபிள் சுழலும் அச்சு) கோணத்துக்கு முன்னால் கையால் மைனஸ் போட்டோம். பக்கம் சரியாகிவிட்டது, ஆனால் துளை தள்ளி விழுகிறது. நாளை பார்ட்டி (வாடிக்கையாளர்) நேரில் வருகிறார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வெர்னியர்:
இயந்திரத்தை ஓட்டுவது என்ன கன்ட்ரோல்? டேபிள் சுழல்கிறதா, ஹெட் சுழல்கிறதா? டூல் பாதை போட எந்த கேம் (CAM) மென்பொருள்? எவ்வளவு தள்ளி விழுகிறது?

அம்மாப்பேட்டை ராம்:
அண்ணா, இது வார்ம் கியர் பேக்லாஷ், பல் இடைவெளி ஆட்டம். எங்கள் ரோட்டரி டேபிளிலும் இதே தொல்லை. கிளாம்ப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய செட்டர்:
பேக்லாஷ் துளையைச் சில மைக்ரான் நகர்த்தும். வலத்தை இடமாக்காது. தறியில் பாவு சிக்கியதற்கு நாடாவைக் குறை சொல்வது போலிருக்கிறது இது. இழை தொடங்கியவருக்கு ஒரு வார்த்தை: இயந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் உடனே பதில் வேண்டும் என்றால், கேட்கவேண்டிய இடம் கிளி ஜோசியம்.

டி.சி.பி. பிரியன்:
போஸ்ட்டைத் தொடவே வேண்டாம். டி.சி.பி.-யை (டூல் முனைக் கட்டுப்பாடு) இயக்கும் ஜி 43.4 கட்டளையைப் போடுங்கள். டூல் முனையைக் கன்ட்ரோலே பார்த்துக்கொள்ளும். சீமென்ஸ் என்றால் டிராஓரி, ஹைடன்ஹைன் என்றால் எம் 128. இந்தக் காலத்தில் போஸ்ட்டுக்குள் சுழற்சி மையத்தை எழுதிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சூரமங்கலம் ஷாப்:
மன்னிக்கவும், ஷாப்பில் நின்றுகொண்டு அடிக்கிறேன். பானுக் 0ஐ-எம்.எப். கன்ட்ரோல். ட்ரன்னியன் டேபிள்: ஏ சாயும், சி சுழலும். ஏ -120 முதல் +30 வரை. கேம் பியூஷன் 360. முன்பக்கம் சரி. பின்பக்கம் 1.5 மி.மீ. தள்ளி விழுகிறது. இரண்டு பக்கங்களும் முக்கால் மில்லி சுமாருக்கு.

வெர்னியர்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் பாதி பதில்கள் மிச்சமாகியிருக்கும். பிரியன் அவர்களே, அந்த கன்ட்ரோல் ஒரே நேரத்தில் நான்கு அச்சுகளைத்தான் சேர்த்து ஓட்டும். மேனிபோல்டுக்கு ஐந்தும் சேர்ந்து ஓடவேண்டிய தேவையும் இல்லை. சாய்த்து, திருப்பி, பிரேக் போட்டுத் துளையிடுகிற 3+2 வேலை இது.

ஓமலூர் கேம்:
கையால் மைனஸ் போட்டதுதான் தப்பு. சி 90 என்று கணக்குப் போட்டுத்தான் போஸ்ட் எக்ஸ், ஒய், இசட் எழுதியது. நீங்கள் சி -90 ஆக்கினால் அந்த எண்களெல்லாம் பொய். அதனால்தான் தள்ளி விழுகிறது.

பழைய செட்டர்:
கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. வலப்பக்கம் டூலுக்கு நேராக வந்து நின்றபின் துளை எங்கே இருக்கும் என்பதைத்தான் போஸ்ட் எழுதுகிறது. அந்தப் பக்கத்தை அங்கே கொண்டுவர இந்த இயந்திரத்துக்கு எந்தக் குறி வேண்டும் என்பது வேறு சங்கதி. குறியை மாற்றினால் கோணத்தின் பெயர்தான் மாறும், எக்ஸ் மாறாது.

ஓமலூர் கேம்:
அப்படியானால் எல்லோரும் கையால் மைனஸ் போட்டுக்கொண்டே இருக்கலாமே, போஸ்ட் எதற்கு?

பழைய செட்டர்:
கூடாது. ஏன் என்று கேட்டால் காரணம் எல்லை. ஒரே முகத்துக்கு ஏ -90 சி 90 என்றும் போகலாம், ஏ 90 சி 270 என்றும் போகலாம். உங்கள் ஏ +30-ஐத் தாண்டாது. எந்த விடை இயந்திரத்துக்குள் அடங்கும் என்பதைப் போஸ்ட்தான் தேர்ந்தெடுக்கிறது. ஏ-க்கும் இப்படிக் கையால் குறி மாற்றுகிற பழக்கம் வந்தால் நேராக ஓவர் டிராவல் அலாரம்தான்.

வெர்னியர்:
இரண்டு கோளாறுகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

முதலாவது, திசை. சி 0-வும் சி 180-ம் சரியான முகத்தைக் காட்டி, 90-ம் 270-ம் மட்டும் இடம் மாறினால் சி அச்சின் திசை தலைகீழாக வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். எம்.டி.ஐ.-யில் (கையால் ஒரு வரி கொடுத்து ஓட்டும் முறை) சி 10 கொடுத்து மேலிருந்து பாருங்கள். அச்சுகளின் பெயரையும் திசையையும் வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 841-இன்படி ப்ளஸ் என்பது வேலைப்பொருளைப் பொறுத்து டூல் போகிற திசை. ஆகவே டேபிள் கடிகார முள் திசையில் திரும்பவேண்டும். சில இயந்திரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பும். அது குற்றமில்லை, போஸ்ட்டுக்குச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். பியூஷன் போஸ்ட் கோப்பில் சி அச்சை வரையறுக்கும் வரியில் 0, 0, 1 என்று மூன்று எண்கள் இருக்கும். கடைசி எண்ணை -1 ஆக்குங்கள். ஏ-யின் எல்லையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, -120, 30 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தை மென்பொருளிலேயே தனியாக வரையறுத்திருந்தால் அங்கே மாற்றவேண்டும், கோப்பில் மாற்றிப் பயனில்லை.

சிமுலேஷனை நம்பாதீர்கள். அது காட்டுவது போஸ்ட்டுக்கு முந்தைய டூல் பாதை. போஸ்ட் எழுதிய நிரலை அது படித்ததே இல்லை.

இரண்டாவது, அந்த 1.5. ஜி 54-ஐ, அதாவது ஜாபின் ஜீரோவை, எங்கே எடுத்தீர்கள்?

சூரமங்கலம் ஷாப்:
ஜாபின் நடுவில். எட்ஜ் பைண்டர் வைத்து இரண்டு பக்கமும் தொட்டு எடுத்தோம். எப்போதும் அப்படித்தான்.

வெர்னியர்:
மூன்று அச்சு இயந்திரத்தில் அதுதான் சரி. இங்கே போஸ்ட் உங்கள் ஜீரோவைச் சுழற்சி மையம் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஜாப் நடு, டேபிள் நடுவிலிருந்து எக்ஸில் முக்கால் மில்லி விலகி நிற்கிறது. 180 திருப்பினால் அது எதிர்ப்பக்கம் போகும், இரட்டிப்பாகத் தெரியும். 1.5-இல் பாதி 0.75. பக்கங்களில் முக்கால் மில்லி வருவதும் இதனால்தான்.

டேபிளின் நடுத்துளையில் டயல் காட்டியைச் சுற்றி எக்ஸ், ஒய் எடுங்கள். இசட், ஒய் இரண்டுக்கும் ஏ அச்சுக்கோடு எங்கே ஓடுகிறது என்பதும் வேண்டும். இயந்திரத்தோடு வந்த தாளில் இருக்கும், ஆனால் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. பிறகு கேமில் ஜாபை வைஸில் நிற்கிற இடத்திலேயே வரைந்து, ஜீரோவை மையத்தில் வையுங்கள். ஜி 54.2 ஆப்ஷன் வாங்கியிருந்தால் இந்த வேலையைக் கன்ட்ரோல் செய்யும்.

திருப்புவதற்கு முன் ஜி 53-இல் (இயந்திரத்தின் சொந்த ஜீரோக் கணக்கில்) இசட்டை மேலே ஏற்றுகிறதா போஸ்ட்? அதையும் பார்த்துவிடுங்கள். ட்ரன்னியன் சாயும்போது வைஸின் மூலை எதிர்பாராத உயரத்துக்கு வரும்.

டி.சி.பி. பிரியன்:
சரியான கன்ட்ரோல் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சேலத்தில் எல்லோரும் விலையைப் பார்த்து இயந்திரம் வாங்குகிறார்கள், பிறகு ஆள் தேடுகிறார்கள். கோயம்புத்தூரில் இப்படிச் செய்யமாட்டார்கள்.

அம்மாப்பேட்டை ராம்:
கோயம்புத்தூரில் நல்ல செட்டர்களாக இருப்பவர்களில் பாதிப்பேர் சேலத்துப் பையன்கள்தான் அண்ணா.

ஓமலூர் கேம்:
உண்மை. இங்கே கற்றுக்கொள்கிறான், அங்கே நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்தால் போய்விடுகிறான். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு முனை என்று அறிவித்தார்கள். முனை இருக்கிறது, சம்பளம் எங்கே?

பழைய செட்டர்:
சம்பளம் கேட்கிறவன் முதலில் டேபிள் மையத்தை எடுக்கத் தெரிந்துகொள்ளட்டும். உருக்காலை வந்த காலத்தில் கையால் ஜிக் செய்து...

அம்மாப்பேட்டை ராம்:
ஐயா, மறுபடியும் உருக்காலைக் கதையா?

ஏற்காடு விடுமுறை:
மேலே சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, இப்போதுதான் முழுவதும் படித்தேன். போஸ்ட் விற்றவரிடம் ஏன் யாரும் கேட்கச் சொல்லவில்லை? காசு கொடுத்து வாங்கியிருந்தால் திசையைச் சரிசெய்து தருவது அவர் பொறுப்பு.

வெர்னியர்:
இலவசமாகக் கிடைக்கும் பொதுப் போஸ்ட்டாக இருந்தால் யாரிடம் கேட்பது? அது எந்த இயந்திரத்துக்கும் சொந்தமில்லை. அச்சுகளை நாம்தான் சொல்லவேண்டும்.

பழைய செட்டர்:
காசு கொடுத்து வாங்கியதையும் முதல் ஜாபில் காற்றில் ஓட்டிப் பார்க்காமல் நம்புகிறவர் என் ஷாப்பில் இருக்கமாட்டார்.

சூரமங்கலம் ஷாப்:
சி திசைதான். மாற்றியாகிவிட்டது, பக்கங்கள் சரி. மையம் எடுத்து ஒரு பிளாக் ஓட்டினோம், பின்பக்கம் 0.04-க்குள் வந்துவிட்டது. பார்ட்டி வந்துவிட்டார். நன்றி.

ஓமலூர் கேம்:
போஸ்ட் கோப்பில் மாற்றினீர்களா, இயந்திர வரையறையிலா? எங்கள் இயந்திரத்திலும் இதே கன்ட்ரோல்தான், ஆனால் ஏ-க்குப் பதில் பி.