நாயனக்கார வீடு (குடும்பம் மட்டும்)

அம்மா: டிவி பாட்டுப் போட்டி பைனல்ஸ்ல பாப்பா பாட்டுக்கு நாயனம் (நாதஸ்வரம்) வச்சுக்கலாம்னு சேனல்ல ஒத்துக்கிட்டாங்க. எந்தக் கட்டைன்னு, அதான் எந்தச் சுருதின்னு, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்.

ஆடுதுறை அத்தை: என் மவன் வாசிப்பான்

அத்தான்: என்கிட்ட இருக்கறது 2½

அக்கா: பாப்பா 5½ல பாடுறா. எப்படிச் சேரும்?

சித்தப்பா: சேரும். பொறுமையாப் படிங்க. 2½ கட்டை நாயனத்துல மத்திமத்தை (ம) சட்ஜமாப் (ச) பிடிச்சா நேரா 5½ல வந்து நிக்கும். அதே கணக்குல 2 கட்டை நாயனம்னா 5. பாதித் துளை மூடி, உதட்டு அழுத்தத்தை மாத்தி எல்லாச் சுரத்தையும் கொண்டு வந்துடலாம். ஆனா விரல் வேற மாதிரி விழும், அந்தப் பாட்டையே ஒரு வாரம் சாதகம் பண்ணியாகணும். பாப்பா பாடும்போது நாயனம் வாயே திறக்கக்கூடாது. பல்லவி முடிஞ்சு இடையிசை, கடைசியில ரெண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). அதோட சரி.

அத்தான்: சரிங்க மாமா

அம்மா: இப்ப 5½ இல்ல தம்பி. சரணம் மேல் பஞ்சமம் வரைக்கும் போகுது. கத்தலாத் தெரியுதுன்னு வாய்ஸ் டிரெய்னர் 5ல பாடச் சொல்லிட்டாங்க.

அத்தான்: போச்சு

சென்னை அண்ணன்: கீபோர்டுல டிரான்ஸ்போஸ் ஒண்ணு கீழ தட்டுனா முடிஞ்சுது

சித்தப்பா: கீபோர்டுக்கு முடிஞ்சுது. நாயனத்துல ஏது பட்டன்? வாயில வச்சு ஊதற சீவாளியை, அதைச் சொருகற கெண்டையில கொஞ்சம் வெளிய இழுத்து வச்சா சுருதி இறங்கும்தான். ஆனா மேல் துளைங்க அதிகமா இறங்கும், கீழ்த் துளைங்க குறைவா இறங்கும். இம்மி அளவுக்குத் தாங்கும். அரைக் கட்டை இறக்கினா சுரத்துக்குச் சுரம் பேசாது.

அக்கா: 5 கட்டையில திமிரி, அந்தக் குட்டை நாயனம், கிடைச்சா?

சித்தப்பா: பக்கத்துல நின்னு ஊதினா பாப்பா குரலை முழுங்கிடும். வேண்டாம்.

பெரியம்மா: பாப்பாவுக்கு ஓட்டுப் போட ஒரு லிங்க் வந்துச்சு, அனுப்பவா? நம்பர் கொடுத்தா ஓடிபி வரும்னு போட்டிருக்கு

சென்னை அண்ணன்: பெரியம்மா தொடாதீங்க!! ஓட்டு சேனலோட ஆப்ல மட்டும்தான். வர்ற லிங்க்ல ஓடிபி கேட்டா திருட்டுப்பய வேலை

பெரியம்மா: போட்டுட்டேனே

சென்னை அண்ணன்: பேங்க்குக்கு போன் பண்ணுங்க. இப்பவே

ஆடுதுறை அத்தை: 2 கட்டை நாயனம் யார் வீட்டு பீரோவுல இருக்குன்னு ஊருக்கே தெரியும். நான் எதுவும் சொல்லல.

சித்தப்பா: அக்கா, இப்ப அது எதுக்கு

ஆடுதுறை அத்தை: நாயன வித்வான் ராஜரத்தினம் பிள்ளை பாரிங்கிற நீள நாயனத்தைக் கொண்டு வந்ததைப் பார்த்துதான் அப்பா ஆசை ஆசையா அதைச் செஞ்சு வாங்குனாரு. வாசிக்கிற புள்ளைகிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டுதான் போனாரு.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: என்ன போட்டீங்க பெரியப்பா

பெரியப்பா: கை பட்டுடுச்சு.

சென்னை அண்ணன்: நாயனம்லாம் டிவியில எடுபடுமா?

அக்கா: 2018ல செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டு பாடித்தான் சூப்பர் சிங்கர் ஜெயிச்சாரு

சித்தப்பா: அண்ணே, கொடுத்தாலும் கொடுக்காட்டியும் ஒருதரம் வெளிய எடுத்துப் பாருங்க. உளவுல (மரக்குழல்ல) வெடிப்பு இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வெயில்ல மட்டும் வச்சிடாதீங்க. கீழ இருக்கற 5 துளையில அப்பா அடைச்ச மெழுகு உதிர்ந்திருக்கும். மெழுகு போனா சுருதியும் போச்சு, மறுபடி அடைச்சு சேர்க்கணும். வெடிப்புன்னா நாயனம் செய்யிற நரசிங்கம்பேட்டைக்குத்தான் போகணும். பழைய சீவாளி ஒண்ணும் உதவாது. திருவாவடுதுறையில புதுசா நாலஞ்சு வாங்கி ஊதிப் பழக்கணும். ஸ்டுடியோ ஏசியில சீவாளி காஞ்சு பேசாது, நாயனமும் குளிர்ந்து சுருதி இறங்கும். டேக்குக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஊதிச் சூடாக்கணும். பாப்பாவை விட்டு நல்லாத் தள்ளி நிக்கணும், இல்லாட்டி அவ மைக்ல நாயனம்தான் கேக்கும்.

மாமா: கல்லணை திறந்தாச்சா? நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வரல

பெரியப்பா: நேத்து திறந்தாச்சு மாப்பிள்ளை.

ஆடுதுறை அத்தை: இதுக்கு மட்டும் உடனே பதில்

பெரியப்பா: பீரோ சாவி மருமவகிட்ட இருக்கு. அவ திருவையாறு போயிருக்கா.

அக்கா: பைனல்ஸ் அன்னைக்குத் தெருவுல திரை கட்டுறோம்ல? புரொஜெக்டர் யாரு? கரண்ட் போனா?

சென்னை அண்ணன்: செட்டாப் பாக்ஸ்ல போடுங்க, ஆப் வேண்டாம், பின்தங்கி ஓடும். கோயில் ஜெனரேட்டரைக் கேளுங்க

மாமா: டீசல் யார் போடுறது

அம்மா: அப்ப சேனலுக்கு 5ன்னே சொல்லிடவா? நாயனம் 2ன்னு எழுதவா?

சித்தப்பா: 5 உறுதியாச் சொல்லிடுங்க மதினி. பாப்பா குரல்தான் முக்கியம், நாயனத்துக்காக அவளை ஏத்தக்கூடாது. நாயனம் கட்டை அப்புறம் சொல்றோம்னு சொல்லுங்க.

ஆடுதுறை அத்தை: ஞாயித்துக்கிழமை பெரியண்ணன் வீட்டுக்கு எல்லாரும் வர்றோம்

அக்கா: வெள்ளிக்கிழமை கெடு அத்தை

பெரியப்பா: ஞாயிறு நான் ஊர்ல இல்ல. வியாழன் வரச் சொல்லு பையனை. ஊதிப் பார்க்கட்டும். பார்க்க மட்டும்.

அத்தான்: வர்றேன் மாமா. உழவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டு வைக்கவா?

பெரியம்மா: பேங்க்ல லைனே கிடைக்கல