டீப் டிஷ்யூ மசாஜ் செய்பவருக்குக் கட்டைவிரல் அடியில் வலி: மேசை உயரம் காரணமா?

தைலக்கை:
ஸ்பாவில் வேலை. ஒரு நாளைக்கு ஆறு பேர், அதுல மூணு நாலு பேர் டீப் டிஷ்யூ, அதாவது தசையை ஆழமா அழுத்துற மசாஜ் கேக்குறவங்க. வலது கட்டைவிரல் மணிக்கட்டோட சேர்ற இடத்துல வலி. பாட்டில் மூடியைத் திருகினா சுரீர்னு இழுக்குது. மரத்துப்போறது இல்ல. மேசை உயரம் 75 செ.மீ., என் உயரம் 160. தோள்பட்டையில தசை இறுகிக் கிடக்கிற முடிச்சுக்குக் கட்டைவிரல் இல்லாம எப்படி அழுத்தம் கொடுக்கிறது? முழங்கை வெச்சா "குத்துது"ங்கிறாங்க.

பிசியோ_மதுரை:
முதலில் வலி எங்கே என்று பிரித்துப் பாருங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். மணிக்கட்டு எலும்பின் ஓரத்தில் கடுமையாக வலித்தால் அது தசைநாண் உறைப் பிரச்சினை. டி கெர்வெய்ன் என்பார்கள். நல்ல கையிலும் லேசாக இழுக்கும், அதனால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படி இல்லாமல், கட்டைவிரல் மேட்டின் அடியில் மூட்டைத் தொட்டு அழுத்தும்போது வலித்தால் அடிமூட்டுதான். மூடி திருகும்போது வலிப்பது பெரும்பாலும் இரண்டாவதைக் காட்டும்.

அந்த மூட்டு எல்லாப் பக்கமும் அசையும்படி அமைந்தது. அதனாலேயே உறுதி குறைவு. விரல் நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ இறங்கும். முடிச்சைக் கட்டைவிரலால் குத்தி அழுத்தும்போது என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வலிக்கிற இடத்தில் நீங்களே தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். வீங்கிய உறையைத் தேய்த்தால் இன்னும் வீங்கும்.

வெந்நீர்_ஒத்தடம்:
தம்பி, 75 உங்களுக்கு உயரம். மேசை பக்கத்துல நிமிர்ந்து நின்னு கையைத் தொங்க விட்டு முஷ்டி மடக்குங்க. விரல் முட்டி மேசையைத் தொட்டா அது சாதாரண மசாஜுக்கு. டீப் வேலைக்கு அதைவிடக் கீழ வேணும். உங்களுக்கு 65 பக்கம் வரும். படுத்திருக்கிறவர் உடம்பே 15, 20 செ.மீ. ஏத்திடுது, அதைப் பலர் கணக்குல எடுக்கிறதில்ல. மேசை உயரமா இருந்தா தோள் தூக்கிக்கும், உடம்பு எடை இறங்காது, அப்ப விரல்தான் அழுத்தியாகணும்.

நிக்கிற முறை: ஒரு கால் முன்னாடி, ஒரு கால் பின்னாடி. பின்கால் குதி தரையை விட்டு எழும்பக் கூடாது. முன்முழங்காலை மடக்கி உடம்பைச் சாய்க்கணும். கை தள்ளவே கூடாது. மணிக்கட்டு நேரா இருக்கட்டும், முழங்கையைப் பூட்டாம லேசா மடக்கி வைங்க.

"குத்துது"ங்கிறாங்கன்னா முழங்கை நுனி பட்டிருக்கு. நுனியை விட்டுட்டு அதுக்குக் கீழ முன்கையோட மேல்பாகத்தை வைங்க, சதைப் பக்கம் படுற மாதிரி. முஷ்டி மடக்காதீங்க, மடக்கினா முன்கை கட்டையாகி அவங்களுக்கும் வலி, உங்களுக்கும் களைப்பு. தோள் முடிச்சுக்குத் தலைமாட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து, முன்கையைத் தோள்பட்டை மேல வெச்சு இடுப்பு திசைக்குச் சாயுங்க. வேகம் முக்கியம்: தோள்லேருந்து இடுப்பு வரை ஒரு தடவை இறங்க முப்பது நாப்பது விநாடி ஆகட்டும். கட்டைவிரல் முடிச்சைத் தேடுறதுக்கு மட்டும்.

முதுகெலும்பு மேலயே, கடைசி விலா எலும்புக்குக் கீழ, முழங்கால் பின்குழி, அக்குள், கழுத்தோட முன்பக்கம் இங்கெல்லாம் முன்கை கூடாது.

எண்ணெய் குறைவா போதும். டீப் வேலைக்கு முன்கையில அரை டீஸ்பூன் தடவிக்கிட்டா ஒரு பக்க முதுகுக்கு வரும். வழிய வழிய ஊத்தினா வழுக்கும், வழுக்கினா விரல் தானா பிடிக்கப் பாக்கும்.

ஷிப்ட்_முடிஞ்சது:
மேசை, நிலை எல்லாம் சரி. ஆனா ஆறு பேர்ல நாலு பேருக்கு டீப்னா எந்த முறையும் நிக்காது. ரெண்டு டீப் அடுத்தடுத்து போடாதீங்க, நடுவுல லைட்டா ஒண்ணு வைக்கச் சொல்லி ரிசப்ஷன்ல கேளுங்க. பதினஞ்சு நிமிஷம் இடைவெளி. அதுவும் பெட்ஷீட் மாத்துறதுலயே போகாம இருக்கணும்!

"இன்னும் பிரஷர்"னு கேட்டா உடனே ஏத்தாதீங்க. அழுத்தம் பத்துல எத்தனைன்னு கேளுங்க, ஏழைத் தாண்ட வேண்டாம். வாய் "நல்லாயிருக்கு"ன்னு சொல்லும். மூச்சு நிக்கும், கால்விரல் சுருங்கும். உடம்பு எதிர்த்துப் பிடிக்கிற தசையில எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. உங்க மூச்சையும் பாருங்க, நீங்க அடக்கினா அளவு மீறிட்டீங்க. சூடான துண்டை அஞ்சு நிமிஷம் போட்டு, வேகத்தைப் பாதியாக்கினா அதே அழுத்தமே ஆழமாத் தெரியும்.

சித்த மருத்துவத்துல மசாஜைத் தொக்கணம்பாங்க, அதோட ஒன்பது முறையில அழுத்தல் ஒண்ணுதான். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல்னு மத்த எட்டு இருக்கு. இடுப்பைப் பிடிச்சு மெல்ல அசைக்கிற அஞ்சு நிமிஷம் உங்க விரலுக்கும் ஓய்வு. டீப்னா அழுத்தல் மட்டும்னு ஸ்பாக்கள் பழக்கி வெச்சிருக்கு, அதுதான் எரிச்சல்.

தைலக்கை:
பிசியோ சார், சாய்ச்சுப் பாத்ததுல வலி இல்ல, அடிமூட்டை அழுத்தினாத்தான் வலி. அக்கா, இந்த மேசை மரம், கால் அறுக்க முதலாளி விட மாட்டார். என்ன பண்ணலாம்?

வெந்நீர்_ஒத்தடம்:
10 செ.மீ. உயரத்துக்குப் பலகை மேடை அடிக்கச் சொல்லுங்க, மேசையோட ரெண்டு பக்கமும், முழு நீளத்துக்கு. அகலம் 60 இருந்தாத்தான் கால் முன்ன பின்ன வைக்க முடியும். மேல ரப்பர் மேட் கட்டாயம், எண்ணெய் சொட்டினா வழுக்கிடும். அதுவரைக்கும் மெத்தை தடிமனா இருந்தா மெல்லிசா மாத்துங்க.

பிசியோ_மதுரை:
அடிமூட்டு என்றால் கட்டைவிரலை இழுத்துச் சொடுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். ஆட்காட்டி விரலில் ரப்பர் பேண்ட் மாட்டி, மறுமுனையை மற்றொரு கையால் சுண்டுவிரல் பக்கமாகப் பிடித்துக்கொண்டு, விரலைக் கட்டைவிரல் பக்கம் தள்ளுங்கள். பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, தினமும், வலி வராத அளவில். இரண்டு விரலுக்கும் நடுவில் உள்ள சதைதான் அந்த மூட்டைத் தாங்குவது. வேலை நேரத்தில் கட்டைவிரல் பட்டை போட்டுக்கொண்டால் முடிச்சை அழுத்தப் போகும் விரலும் அடங்கும். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.