வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப ஆகும் செலவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2030-க்குள் அதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. உலக சராசரியோ இன்னமும் 6 சதவீதத்துக்கு மேல். 200 டாலர் அனுப்பினால் 12 டாலருக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. மனசு ஆறவில்லை.

கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை சாதாரண பட்டன் போனிலேயே ஓடியது. பிரேசிலில் 2020 முதல் பிக்ஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை இருக்கிறது. நாட்டுக்குள் நொடியில் போகும் பணத்துக்கு எல்லை தாண்டும்போது மட்டும் ஏன் இவ்வளவு பிடித்தம்? கட்டணத்தை ரசீதில் காட்டுகிறார்கள், சரி. நாணய மாற்று விகிதத்துக்குள் ஒளிந்திருப்பதுதான் கண்ணில் படுவதில்லை.

அனுப்பியவர்கள் ரசீதில் இருந்த விகிதம், அன்றைய சந்தை விகிதம், கைக்கு வந்த தொகை இந்த மூன்றையும் சொல்லுங்களேன். பெயர், கணக்கு எண் எதுவும் வேண்டாம். அப்புறம், பணத்தை வாங்கப்போன இடத்தில் தனியாக ஏதும் பிடித்தார்களா என்பதையும் எழுதுங்கள்.