மெட்டிங்ல இருந்து டர்ஃப் வரைக்கும்: எங்கட திருமலைப் பெடியளைக் கிட்ட நிண்டு பாத்தவை எழுதுங்கோ

கடற்கரை ஒழுங்கை:

வணக்கம் எல்லாருக்கும். கிரிக்கெட்டில அண்டர் 13, அண்டர் 15 எண்டு தொடங்கி கொழும்பு கிளப் வரைக்கும் போன எங்கட திருகோணமலைப் பிள்ளையள் ஆரையாவது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இதுக்குள்ள சொல்லுங்கோ. பேர் போட வேணாம், இப்பவும் விளையாடுற பிள்ளையள். முதல்ல நான் சொல்லுறன்.

எங்கட வீட்டில இருந்து மூண்டு வீடு தள்ளி இருந்தவன். தகப்பன் கடலுக்குப் போறவர். டச் பே கடற்கரை மணல்ல டெனிஸ் பந்தோட வெறுங்காலில ஓடி ஓடிப் போட்டுத்தான் அவனுக்கு அந்தக் கால் பலம் வந்தது எண்டு நான் இண்டைக்கும் நம்புறன். நான் ஸ்கூல் டீமில விளையாடி முடிச்சிட்டு பின்னேரத்தில சின்னப் பெடியளுக்கு நெட்ஸ் (வலைக்குள்ள பயிற்சி) போட்டுக் குடுக்கிறனான், அப்ப அவனுக்குப் பன்னெண்டு வயசு இருக்கும், லெதர் பந்தக் கையில குடுத்தவுடன மணந்து பாத்தான், பிறகு ஓடி வந்து போட்ட முதல் பந்தே பெட் பண்ணினவன்ர தோளைத் தாண்டிப் போச்சு.

புல் பிச்சுக்குப் பதிலா விரிக்கிற மெட்டில விளையாடாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். காலமை போய் தும்பு மெட்டை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து விரிச்சு, சுத்திவர ஆணி அடிச்சு, இழுத்து இறுக்கி முடிக்கவே அரை மணித்தியாலம் போயிடும். ஒரு ஆணி கழண்டாலும் மெட் சுருங்கும், பிறகு பந்து எங்க திரும்பும் எண்டு ஆராலயும் சொல்லேலாது. ஆனா பந்து நல்லா எழும்பும். ஷோர்ட்டாக் குத்தினாலே அவனுக்கு விக்கட் விழும். அண்டர் 15 முழுக்க அப்பிடித்தான் எடுத்தவன். நாங்களும் அதைப் பாத்துச் சந்தோசப்பட்டனாங்களே தவிர, டர்ஃபில, அதுதான் புல் பிச்சில, அந்தப் பந்து இடுப்புக்கு மேல வராது எண்டு ஒருத்தரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல. அது எங்கட பிழைதான்.

முதல் முதலா வெளியூருக்கு ஒரு செலக்சனுக்குக் கூட்டிக்கொண்டு போனன். டர்ஃப். காலில ரப்பர் சப்பாத்து. மெட்டில ஸ்பைக்ஸ் (அடியில ஆணி வச்ச சப்பாத்து) போட ஏலாதே, அதால எங்கள்ள ஒருத்தரிட்டயும் ஸ்பைக்ஸ் இல்ல. மூண்டாவது பந்தில முன்கால் வழுக்கி அப்பிடியே இருந்திட்டான். அங்க நிண்ட ஒரு சிங்களப் பெடியன் தன்ர ஸ்பைக்ஸைக் கழட்டிக் குடுத்தான், ரெண்டு சைஸ் பெரிசு. பேப்பர் கிழிச்சு முன்னுக்கு அடைச்சு, ரெண்டு சொக்ஸ் போட்டு, லேஸைக் கணுக்காலச் சுத்திக் கட்டிவிட்டன். மிச்ச ஓவரை அதோடதான் போட்டவன். எடுபடேல்ல.

அடுத்த வருசம் இன்னொரு செலக்சன். கடிதம் வந்து சேந்தது செலக்சன் முடிஞ்சு மூண்டாம் நாள். எந்த இடம் எண்டு நான் இதுக்குள்ள எழுத வரேல்ல, ஆனா அந்த வயசில ஒரு வருசம் போறது சின்ன விசயமே? அண்டர் 17ல அவன்ர நல்ல சீசன் அதுதான். தாய் குசினிக்குள்ள நிண்டு அழுதவ, அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போயிட்டான்.

பிறகு எப்பிடிக் கிளப்புக்குப் போனவன் எண்டதப் பிறகு எழுதுறன், ட்யூட்டிக்கு நேரமாச்சு.

பாலையூற்று அக்கா:

தம்பி, வாசிக்கவே நெஞ்சு அடைக்குது. என்ர தம்பியும் அண்டர் 19 வரைக்கும் விளையாடினவன், அதால வீட்டுப்பக்கத்தை நான் சொல்லுறன். கொழும்பில ப்ரெக்டிஸ் எண்டா பின்னேரம் நைட் மெயில் ரயிலுக்கு ஏத்தி விடோணும். அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டிக் குடுப்பா, கறி வச்சா பழுதாப் போயிடும் எண்டு. கிட் பேக்கைக் காலுக்குள்ள வச்சுக்கொண்டு இருந்தபடியே நித்திரை, கல்லோயாவில ரயில் நிக்கேக்க முழிப்பு, விடியப்புறம் கொழும்பு கோட்டை ஸ்டேசன்ல இறங்கி முகம் கழுவி நேர கிரவுண்ட். கொழும்புப் பிள்ளை வீட்டில படுத்தெழும்பி வந்து நிக்கும், எங்கட பிள்ளை ராத்திரி முழுக்க ரயில்ல குலுங்கிப் போய் அதே நெட்ஸில அதே பந்துக்கு நிக்கும். ரெண்டு பேரையும் ஒரே மாதிரித்தான் மார்க் பண்ணுவினம். ஏ எல் பரீட்சை வருசம் வந்தவுடன அப்பா ஒரே ஒரு நாள்தான் கேட்டவர், "இதில சோறு வருமே தம்பி" எண்டு. அதோட அவன் விட்டிட்டான். நான் அப்பாவில குறை சொல்லேல்ல, அவரிட்ட வேற என்ன இருந்தது. ஆனா அந்தக் கிட் பேக் இன்னும் அலுமாரிக்கு மேலதான் கிடக்கு, ஒருத்தரையும் எடுக்க விடமாட்டான்.

கொழும்பில நிக்கிற திருமலையான்:

அக்கா சொன்னது நூறு வீதம் சரி. நான் இஞ்ச வேலை செய்யிறன், லீவு நாள்ல எங்கட பெடியன் ஒருத்தன்ர அண்டர் 23 மெட்சுகளைப் போய்ப் பாக்கிறனான். பெட்ஸ்மன். முதல் சீசன்ல நடந்த ஒண்டு. ஒரு ரன் ஓடி முடிச்சாச்சு, மற்றப் பக்கம் நிண்டவன் "இன்ன! இன்ன!" எண்டு கத்தினான். சிங்களத்தில அது நில் எண்டது. எங்கட ஆளுக்கு "இன்னும்" எண்டு விளங்கி, ரெண்டாவதுக்கு ஓடி நடு பிச்சில நிக்க மற்றப்பக்கம் ஸ்டம்ப் பறந்திட்டுது. 30 தாண்டி வடிவா ஆடிக்கொண்டிருந்தவன். காலில கட்டின பேடைக்கூடக் கழட்டாம மரத்துக்குக் கீழ இருந்தான், நான் கிட்டப் போகேல்ல. கொஞ்ச நேரத்தால அந்த மற்றப் பெடியன் அவுட்டாகி வந்து பக்கத்தில இருந்து, தமிழ்ல நில் எண்டதுக்கு என்ன சொல்லுறது எண்டு கேட்டான். அதுக்குப் பிறகு அவை ரெண்டு பேரும் ஆடேக்க "ஓடு", "நில்லு" எண்டு அவன் கத்துவான், "யமு", "எபா" எண்டு இவன் கத்துவான். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் போகோணும் போல இருக்கும்.

இன்னொரு நாள் அவனை பொறளைப் பக்கம் சரா ஓவலுக்குக் கூட்டிக்கொண்டு போனன், தமிழ் யூனியன்ர கிரவுண்ட், முரளி விளையாடின கிளப். 1982ல இலங்கை தன்ர முதல் டெஸ்ட் ஆடினதும் அங்கதான். ஸ்கோர்போர்டைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "அண்ணா, புல்லுக்குள்ள ஒருக்கா இறங்கலாமோ" எண்டு கேட்டான்.

அனுராதபுரச் சந்தி:

நான் விளையாடினவன் இல்ல, பாக்கிறவன். ஆனா ஒரு நாள் மறக்கேலாது. 2020 டிசம்பர் 4, முதலாவது எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்), கொரோனாவால ஹம்பாந்தோட்டை ஸ்டேடியத்தில ஒரு சனம் இல்ல. யாழ் மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த், லெக் ஸ்பின் போடுறவன், ஜஃப்னா ஸ்டாலியன்ஸுக்கு முதல் மெட்ச், அடுத்த நாள்தான் அவனுக்கு 19 வயசு. ஏஞ்சலோ மெத்யூஸை அவுட்டாக்கினான். எங்கட வீட்டு ஹோலில அப்பா கதிரையால எழும்பிட்டார், முழங்கால் வருத்தக்காரர். அடுத்த கிழமை எங்கட சந்திப் பெடியள் முழுப்பேரும் லெக் ஸ்பின். 2024 ஐபிஎல்ல சன்ரைசர்ஸுக்காக மும்பை வான்கடேயில அவன் பந்து போடேக்க திரும்பவும் அதே ஹோல், அப்பாதான் அங்க இல்ல. யாழ்ப்பாணத்தானுக்கு வழி திறந்தா திருமலையானுக்கும் திறக்கும் எண்டு அவர் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

கடற்கரை ஒழுங்கை:

எல்லாற்றையும் வாசிச்சிட்டன், கண் கலங்கிட்டு. மிச்சத்தைச் சொல்லுறன்.

ஸ்கூல் முடிய அவன் ஒரு வருசம் கடைசியா ட்ரை பண்ணுறன் எண்டு கொழும்புக்குப் போனவன். பகல்ல கடையில வேலை, பின்னேரம் ஒரு கிளப்பில நெட் போலர், நெட்ஸில பெட்ஸ்மன்மாருக்குப் பந்து போட்டுக் குடுக்கிறது. அங்க இருந்த கோச் ஒண்டுதான் சொன்னவர், பந்தை இன்னும் மேல போடு, பெட்ஸ்மனை முன்னுக்கு வர வை எண்டு. அந்த ஒண்டைப் பழக அவனுக்கு ஏழு எட்டு மாசம் பிடிச்சது. பிறகு அண்டர் 23, பிறகு மூண்டு நாள் மெட்ச் டீம். முதல் மெட்சுக்கு நான் நைட் மெயில்ல போய் இறங்கினனான். அண்டைக்கு 19 ஓவர் போட்டு ரெண்டு விக்கட். பின்னேரம் எல்லாரும் போனாப்பிறகு என்னைப் பிச்சுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான், முன்கால் விழுற இடத்தில ஒரு அடி நீளத்துக்குப் புல் கிழிஞ்சு மண் கிளம்பிக் குழியாக் கிடந்தது. "அண்ணா, மெட்டில எவ்வளவு போட்டாலும் அடையாளமே இருக்காது" எண்டு சொல்லிப்போட்டு குனிஞ்சு அந்த மண்ணைக் கையால அமத்தினான்.

இன்பொக்ஸில மகனுக்கு பத்து வயசு எண்டு கேட்ட அக்காவுக்கு: சனிக்கிழமை நாலு மணிக்குக் கிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறப்புச் சான்றிதழ்க் கொப்பி ஒண்டு, தண்ணிப் போத்தல் ஒண்டு காணும். பெட், பேட் எல்லாம் எங்களிட்ட இருக்கு.